யார் கணக்கில் எழுதுவது?

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

ஹைதராபாத் மாதாப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், கூட அனுப்பியிருந்த இரண்டு தாள்களின் படமும் கிடைத்தன. பெயர்களை விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, எங்களை மாதிரி இன்னும் எத்தனை வீடோ" என்றீர்கள். ஆகவே இது உங்களுக்கும், உங்களைப்போலச் சபைக்குள்ளேயே அடிபட்டு, வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர்களுக்கும் எழுதும் கடிதம்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் பி.இ. முடித்த உங்கள் தம்பி வேலை தேடி உங்களிடம் வந்தார். ஐயப்பா சொசைட்டியில் ஹாஸ்டல் ஒன்றில் கட்டில் பிடித்துக்கொண்டு, ஹைடெக் சிட்டியைச் சுற்றியுள்ள கம்பெனி வாசல்களில் வாக்-இன் வரிசையில் நின்று களைத்தார். உங்கள் தமிழ்ச் சபையில் பாட்டு நடத்தும் ஒருவர், "பேக் டோர்ல ஒரு சீட் இருக்கு, நம்ம பையன்கிறதால சொல்றேன்" என்றார். 1.5 லட்சம் கேட்டார். அம்மா செயினை அடகு வைத்து அனுப்பினார். ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, பத்து கம்ப்யூட்டர் போட்டு, டிரெய்னிங் என்று உட்காரவைத்தார்கள். முதல் மாதச் சம்பளமும் வந்தது. அந்தச் சம்பளத்தைப் பார்த்துத்தான் இன்னும் சில பையன்கள் பணம் கட்டினார்கள். மூன்றாவது மாதம் ஷட்டர் இறங்கிவிட்டது. புகார், கைது, ரிமாண்ட், பெயில். இப்போது அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்.

நீங்கள் அனுப்பிய தாள்களில் ஒன்று ஆஃபர் லெட்டர். தலைப்பில் ஒரு பெரிய கம்பெனியின் சின்னம். எங்கோ எடுத்துப் பெரிதாக்கியதால் ஓரங்கள் மங்கிக் கிடக்கின்றன. சம்பளம் ஆண்டுக்கு 4.2 லட்சம். சேரவேண்டிய தேதியை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் யாரோ ஒரு கையெழுத்து. இன்னொன்று அடகுச் சீட்டு. செயின் ஒன்று, 32 கிராம், "கொக்கி நெளிவு" என்று குறித்திருக்கிறார்கள். அந்தச் செயினை அம்மா கழுத்திலிருந்து கழற்றாமலே எத்தனை வருஷம் போட்டிருந்தால் கொக்கி அப்படி நெளிந்திருக்கும்! உங்கள் கடிதம் முழுவதும் படித்தும் வராத கோபம், அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு வந்தது. அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதை ஒளித்துவிட்டு இரக்கத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது.

திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் மூப்பர்கள் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்தார்கள், ஜெபம் பண்ணினார்கள், பிறகு கேட்டார்கள்: "கிறிஸ்தவங்க கோர்ட்டுக்குப் போகலாமா? கேஸை வாபஸ் வாங்குங்க. மன்னிச்சு விட்டுடுங்க." அடுத்த ஞாயிறு பிரசங்கமும் மன்னிப்பைப் பற்றியே இருந்தது. எல்லோரும் எழுந்து முன்னால் போனபோது நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள். "நான் செய்தது பாவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள். மலைப்பிரசங்கத்தில் பலிபீடத்தைப் பற்றி இயேசு சொன்ன இடத்தை மறுபடி எடுத்து வாசியுங்கள். காணிக்கையோடு பீடத்தண்டை வந்து நிற்கிறவன், தன்மேல் இன்னொருவனுக்கு மனக்குறை இருக்கிறதென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகவேண்டும். அங்கே எழுந்து போகவேண்டியவன் யார்? யார்மேல் குறை இருக்கிறதோ அவன். உங்கள் சபையில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து உங்களிடம் வந்திருக்கவேண்டிய நேரத்தில், நீங்கள் எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று. இதைக் கவனிக்காமல் அப்பம் பிட்டுக் கொடுத்த கைகள்தான் யோசிக்கவேண்டும்.

மூப்பர்கள் கோர்ட்டைப் பற்றிக் காட்டிய வசனம் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரம். பவுல் அங்கே விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கடிந்துகொள்வது உண்மை. நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பதும் உண்மை. அடுத்த வசனத்தையும் வாசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதில் பவுல் மறுபக்கம் திரும்பி, நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதுவும் உங்கள் சகோதரருக்கே நஷ்டம் உண்டாக்குகிறீர்கள் என்று ஏமாற்றுகிறவர்களைப் பிடித்துக்கொள்கிறார். அதே பகுதியில், சகோதரருக்குள்ளே வழக்குத் தீர்க்க உங்களில் விவேகி ஒருவன்கூட இல்லையா என்றும் சபையைக் கேட்கிறார். உங்கள் சபை பணம் இழந்த பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நாளாவது கேட்டதா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. விசாரிக்கவும் மாட்டோம், விசாரிக்கிற இடத்துக்கும் போகாதே என்றால், அது பவுல் சொன்ன வழியல்ல.

சட்டம் இந்த விஷயத்தில் நம் மூப்பர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. முன்பு 420 என்று ஊரெல்லாம் அறிந்திருந்த மோசடிக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவாகிவிட்டது. அதில் சமரசத்துக்கு இடமுண்டு. ஆனால் சமரசம் செய்துகொள்ளும் உரிமை ஏமாற்றப்பட்டவருக்கு மட்டுமே. அதுவும் நீதிமன்றம் அனுமதித்தால்தான். உங்கள் தம்பி விரும்பினால் தன் மட்டில் அப்படிச் செய்துகொள்ளலாம். மற்றப் பையன்களுக்காக அவர் சமரசம் செய்ய முடியாது. நீங்கள் செய்ய முடியாது. பாஸ்டரும் செய்ய முடியாது. பட்டவன் சொல்லவேண்டியதைப் பக்கத்தில் நின்றவன் சொல்லக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. வேதமும் இதற்கு விரோதமாகப் பேசவில்லை.

நான் சொல்ல வந்த காரியம் பிலேமோனுக்கு எழுதப்பட்ட சின்ன நிருபத்தில் இருக்கிறது. ஒரே அதிகாரம், ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் வாசித்து முடிக்கலாம். ஒநேசிமு என்னும் அடிமை எஜமானாகிய பிலேமோனை விட்டுப் பிரிந்து பவுலிடம் வந்து சேருகிறான். ஏதோ நஷ்டமும் உண்டாக்கியிருக்கலாம் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. பவுல் அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். அப்போஸ்தலன் என்ற அதிகாரத்தில் கட்டளையிடலாம். அப்படிச் செய்யாமல் கெஞ்சிக் கேட்கிறார். அதோடு நிற்கவில்லை. அவன் கொடுக்கவேண்டியது ஏதாவது இருந்தால் அதைத் தன் கணக்கில் எழுதச் சொல்லி, தானே செலுத்துவதாகத் தன் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். எழுதும்போது அவர் இருந்ததோ சிறைக்காவலில்.

இரக்கத்துக்கு ஒரு செலவு உண்டு, சகோதரி. யாராவது ஒருவர் அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். பட்டவர் தாமாக முன்வந்து கட்டினால் அது பரலோகம் வரை மணக்கும் காணிக்கை. அவரைக் கட்டச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்தினால், ஏமாற்றப்பட்டவரிடம் இன்னொரு முறை பறிப்பதாகிவிடும். உங்கள் வீட்டுக்கு வந்த மூப்பர்கள், "அந்தப் பையன்களுடைய பணத்தில் இவ்வளவு எங்கள் பங்கு, மீதியை அவர் மாதாமாதம் கட்ட நாங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசியிருந்தால், அது பவுலின் குரலாக இருந்திருக்கும். சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் எழுதாமல், உங்கள் அம்மாவின் அடகுச் சீட்டிலேயே முழுவதையும் எழுதிவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் கிறிஸ்தவ மன்னிப்பு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, எங்காவது நடந்திருக்கிறதா என்று கசப்போடு கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது. நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழியில் பிறந்தவர் ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் துறவற சபைக் கன்னியர். மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் என்னும் இடத்தில் பழங்குடி மக்களிடையே வேலை செய்தார். வட்டிக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிக் கிடந்தவர்களைக் கூட்டமாகச் சேர்த்து, வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் வழி காட்டினார். இதனால் யாருடைய வருமானம் குறைந்ததோ அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகிற பஸ்ஸில் அவர் ஏறினார். அதே பஸ்ஸில் ஏறிய சமுந்தர் சிங் என்னும் இளைஞர், வழியில் பயணிகள் பார்த்திருக்க அவரைக் கத்தியால் குத்தினார். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். ராணி மரியாவுக்கு அப்போது வயது 41.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் அவர் வெறிபிடித்தவராக இருந்தார்; தன்னை ஏவிவிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற ஆத்திரம். சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட குருவானவர் ஒருவர் அவரைப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் அதே சபையின் கன்னியர், 2002இல் ரட்சாபந்தன் நாளில் இந்தூர் சிறைக்குப் போய், தன் அக்காவைக் குத்திய அந்தக் கையில் ராக்கி கட்டினார். கொலைக்கும் ராக்கிக்கும் நடுவே ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் செல்மி பாலை யாராவது அவசரப்படுத்தியிருந்தால், அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குள் முடித்துவிடு என்று சொல்லியிருந்தால், அந்த ராக்கி கட்டப்பட்டிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு ராணி மரியாவின் குடும்பத்தாரும் அவருடைய துறவற சபையினரும் அரசுக்கு எழுதிக் கேட்டுக்கொள்ள, 2006இல் சமுந்தர் விடுதலையானார். பதினோரு வருஷம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுவருஷம் அவர் புல்லுவழிக்குப் போனார், தான் கொன்ற பெண்ணின் வீட்டுக்கு. தாய் எலீஸ்வா அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். மகளின் இரத்தம் பட்ட கைகள் என்பதால்தான் முத்தமிட்டார். இதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு எட்டாத உயரமாகவே இருக்கிறது. எட்டாது என்பதால் இல்லையென்று சொல்ல முடியாது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவை அருளாளராக உயர்த்திய ஆராதனையில் சமுந்தர் சிங்கும் கூட்டத்தில் இருந்தார்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒடிசாவில் பாரிபதா தொழுநோய் இல்லத்தில் வேலை செய்த அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயது மகன் பிலிப்பையும், ஆறு வயது மகன் திமோத்தியையும் 1999 ஜனவரி 22 நள்ளிரவு தாண்டி, மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோதே எரித்துக் கொன்றார்கள். மன்னித்துவிட்டேன் என்று கிளாடிஸ் சொன்னது உலகமெங்கும் போயிற்று. அவர் சேர்த்துச் சொன்ன இன்னொன்று அவ்வளவு தூரம் போகவில்லை: மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தருகிற பலன் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்றார். வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் மரண தண்டனை, 2005இல் ஒரிசா உயர்நீதிமன்றத்தில் அது ஆயுளாயிற்று, 2011இல் உச்சநீதிமன்றமும் ஆயுளையே உறுதிசெய்தது. கிளாடிஸ் வழக்கைத் தடுக்கவில்லை; கசப்பையும் வளர்க்கவில்லை. மகள் எஸ்தரோடு 2004 வரை அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளைக் கவனித்தார். உங்கள் மூப்பர்களிடம் நான் காட்ட விரும்புவது இந்த அம்மாவைத்தான். மன்னித்த கையும் நீதி கேட்ட கையும் ஒரே உடம்பில் இருக்க முடியும்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஓய்வுநாள் பாடம் முடித்து வெளியே நின்ற தமிழ்ப் பிள்ளைகளும் அன்று செத்தார்கள். மறுவருஷ உயிர்ப்புப் பெருநாளில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதற்குப் பின்பும் யார் பின்னால் இருந்தார்கள், யார் தெரிந்தும் தடுக்கவில்லை என்று அரசை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது. உண்மையைக் கேட்பது மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஆகாது.

சபைக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்கள், இதெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதோ என்று நினைக்கக் கூடாது. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் இருக்கிறார். திருக்கோவலூர் அரசர். போரில் தோற்ற முத்தநாதன் திருநீறு பூசி, அடியார் வேடத்தில் வந்து, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் ஒளித்த கத்தியால் அவரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது அரசர் கை நீட்டித் தடுக்கிறார். ஊரார் அடித்துக் கொல்லாதபடி அவனை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். விட்டுவந்தேன் என்று தத்தன் வந்து சொன்ன பிறகே உயிர் பிரிகிறது. அங்கேயும் பாருங்கள், அந்தக் கட்டளையைக் கொடுத்தவர் குத்துப்பட்டவர். அமைச்சர் யாரோ நின்று அரசருக்கு உபதேசம் பண்ணவில்லை.

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனி உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தம்பியின் கூட்டாளிகள் அந்த ஆளை மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் மடக்கி நாலு தட்டு தட்டலாம் என்கிறார்கள், "எனக்கும் அது சரின்னுதான் படுது" என்று. வேண்டாம். உங்கள் ஊரே அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்தது. 2019 நவம்பர் இறுதியில் ஷம்ஷாபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. யாருக்கும் இருக்கக் கூடாது. ஆனால் டிசம்பர் 6 விடியற்காலையில் சட்டான்பல்லியில், அந்தக் குற்றத்துக்காகக் கைதான நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பாலத்தின் மேல் நின்று போலீஸ்காரர்கள்மீது பூ இறைத்தவர்கள் அந்த வீட்டார் அல்லர், ஊர் ஜனங்கள். உச்சநீதிமன்றம் நியமித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடேயே சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிறையாதவர்கள் என்றும் அது கண்டது. குற்றத்தை யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஒரு நீதிமன்றம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு அந்தப் பெண்ணின் வீட்டாருக்கும் கிடைக்காமலே போயிற்று. பூ இறைத்த கைகளில் நம் சபைகளில் அப்பம் வாங்குகிற கைகளும் இருந்திருக்கும். எனக்கு அதுதான் வலிக்கிறது.

அடிக்கப் போகிற பையன்களைக் கூப்பிட்டு நீங்களே நிறுத்துங்கள். புகார் கொடுத்தவர்கள் நாளை குற்றவாளிகளாய் நிற்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடி வாங்கியவுடன் அந்த மனிதர் பட்டவராக மாறிவிடுவார். தான் செய்ததை நினைக்கவேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போய்விடும். அவருக்கு அந்தத் தப்பும் வழியை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

சகேயுவின் கதையைச் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே படித்திருப்பீர்கள். ஆயக்காரருக்குத் தலைவன், ஜனங்களிடம் அதிகமாகப் பிடுங்கித் தின்றவன். இயேசு அவனுடைய வீட்டில் தங்கப் போவதாகச் சொன்னதும் எல்லோரும் முறுமுறுத்தார்கள். எரிகோவில் முறுமுறுத்தவர்களில் அவனிடம் பணம் இழந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய முறுமுறுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்த வரிசையைப் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் சந்தோஷமாய் அவரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதற்கு நாலத்தனையாகவும் கொடுப்பதாகச் சொன்னான். அவன் வாயிலிருந்து அது வந்த பிறகே இயேசு அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று அறிவித்தார். கூப்பிடுவதற்கு நிபந்தனை இல்லை. ஆனால் திருப்பிக் கொடுக்காமல் கதை முடியவுமில்லை. உங்கள் சபை முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் அவர் கடைசி பெஞ்சில் உட்காருவதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்த பெஞ்சு அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது. நமக்கும் அங்கே இடம் கிடைத்த காரணம் வேறொன்றுமில்லை. நீங்கள் போய்ப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச வராதபோது பேசாதீர்கள். அவரைப் பார்த்து இன்னொருவர் ஸ்தோத்திரம் சொன்னால் அந்த இன்னொருவர்மேல் கோபப்படாமல் இருங்கள். இப்போதைக்கு அது போதும்.

சபை என்ன செய்யவேண்டும் என்பதைப் பாஸ்டருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசுவே முறை சொல்லியிருக்கிறார்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு முன். பையன்களையும் அந்த மனிதரையும் ஒரே அறையில் உட்காரவைத்து யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தாளில் எழுதவேண்டும். அவர் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும். மூப்பர்கள் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். பாட்டு நடத்துகிற இடமும், வாலிபர் கூட்டமும், காணிக்கை எண்ணுகிற மேசையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கக் கூடாது. நீண்ட காலத்துக்குக் கூடாது. ஒருவனிடம் இரக்கமாயிருப்பது ஒன்று, பொறுப்பை அவனிடம் கொடுப்பது இன்னொன்று. சஞ்சல்குடா சிறைக்கு வெளியே பெட்ரோல் பங்க்கில் கைதிகள் நின்று பெட்ரோல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறைத்துறையே நடத்துகிறது. உழைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், கணக்கும் பார்க்கிறார்கள். ஒரு சர்க்கார் துறைக்குத் தோன்றியது ஒரு சபைக்குத் தோன்றாமல் போகக் கூடாது.

கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒன்றில் என் மனம் நின்றுவிட்டது. அந்த மனிதருடைய மகள் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிறாள், மற்றப் பிள்ளைகளை அவள் பக்கத்தில் உட்கார வேண்டாமென்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் என்று. அவள் எந்தப் பையனிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. இந்த விவகாரத்தில் எவ்விதக் கணக்கும் பார்க்காமல், எதையும் யோசிக்காமல், இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடிய காரியம் அங்கே இருக்கிறது. வருகிற ஞாயிறு உங்கள் மகனை அவள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வகுப்பில் உதவி செய்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, வசனம் ஒப்புவிக்க அவளையும் கூப்பிடுங்கள். அவள் அப்பாவுக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை.

தம்பி இப்போது மறுபடி வாக்-இன் வரிசைகளுக்குப் போகிறார் என்று அறிந்து சந்தோஷம். அவர்கள் கொடுத்த போலி அனுபவச் சான்றிதழை பயோடேட்டாவிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அது மாட்டினால் அவர் பேரும் கெடும். அதைவிடப் பெரிய காரணம், பேக் டோரில் நுழைய நினைத்தபோது அவருக்கும் அது நேர்வழியல்ல என்று தெரியும். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். அடிபட்ட பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவுக்குத் தெரியும்.

அம்மா அந்த மனிதரை மன்னிப்பாரா, எப்போது மன்னிப்பார் என்பதை யாரும் கேட்க வேண்டாம், நீங்களும் கேட்காதீர்கள். அம்மா தாமாகப் பேச்செடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடகுச் சீட்டின் தவணைத் தேதி ஐப்பசியில் வருகிறதென்று பார்த்தேன். செயின் ஏலத்துக்குப் போகாமலிருக்க வட்டியை மட்டுமாவது சபை கட்டட்டும் என்று பாஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரியாகக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் தெரிவிக்கிறேன். அதற்குள் பாஸ்டர் உங்களிடம் நேரில் பேசினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் ஸ்தோத்திரம்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்.